நன்றி வேண்டாம், கணக்கு வேண்டும்



இந்த நுகர்வோர் நாள் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசிய நண்பர், ரேஷன் அரிசி வாங்குகிறவர்கள் அரசுக்கு நன்றியோடு இருக்க வேண்டும் என்றார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறவர்கள் நாம். அந்த அரிசி எவர் வீட்டுப் பத்தாயத்திலிருந்தும் வந்ததல்ல. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமை என்றே சொல்கிறது. கும்பிட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் கணக்காக வாங்க வேண்டும்.

முன்னுரிமை அட்டைக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ என்கிறது அந்தச் சட்டம். தாத்தா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்கு ஆகிறது. திதி தவறாமல் கொடுக்கிறோம். அட்டையில் மட்டும் அவர் உயிரோடு இருக்கிறார்! கட்டிக்கொடுத்த மகளின் பெயரும் நம் அட்டையிலேயே கிடக்கிறது. இங்கே நீக்கினால்தான் புகுந்த வீட்டில் அவளுக்கு அட்டை. 5 கிலோ அரிசிக்காகப் பெற்ற மகளையே தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடக்க விடலாமா, தாய்மார்களே?

அடுத்தது, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வீடு வீடாக வந்து ரேஷன் அரிசியைச் சல்லிசாக வாங்கிப் போகிறவரை நமக்கெல்லாம் தெரியும். அது பாலிஷ் ஆகி, எல்லை தாண்டி, வேறு மூட்டையில் விலை ஏறுகிறது. கைச்செலவுக்கு இல்லாமல் விற்கிற அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் கார் நிற்கிற வீட்டிலிருந்தும் மூட்டை போகிறதே, அதைத்தான் கேட்கிறேன். தமிழ்நாட்டில் ரேஷன் எல்லோருக்கும் பொது. அது நல்ல ஏற்பாடு. ஆளைப் பிரிக்க ஆரம்பித்தால் முதலில் விடுபடுகிறவர் ஏழைதான். அரிசி வேண்டாதவர்களுக்குச் சர்க்கரை அட்டை இருக்கிறது, எதுவுமே வேண்டாதவர்களுக்குப் பொருளில்லா அட்டையும் இருக்கிறது. மாற்றிக்கொண்டால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

அரிசி மட்டமாக இருக்கிறது என்பீர்கள். உண்மைதான், சில மாதம் நாற்றம் தாங்கவில்லை. அப்போது 1967க்குப் போன் போடுங்கள். வாங்காத துவரம் பருப்பை வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்தால் அன்றைக்கே கடையில் போய்க் கேளுங்கள். தராசின் முள்ளையோ எண்ணையோ பார்க்காமல் பையை நீட்டாதீர்கள். "நமக்கெதுக்கு வம்பு" என்று நாம் ஒதுங்குகிற இடத்தில்தான் மூட்டை காணாமல் போகிறது. சமூகத் தணிக்கையும் கண்காணிப்புக் குழுவும் அதே சட்டத்தில் இருக்கின்றன. நம் கடைக்கு அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? கை தூக்குங்கள் பார்க்கலாம். ஒருவரும் இல்லை.

ஜனவரி 26 அன்று கிராம சபை. குழுவில் யார், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று கேட்டு ஒரு மனு கொடுப்போம். பெயர் நீக்க வேண்டியவர்கள் இறப்புச் சான்றையோ கல்யாணப் பத்திரிகையையோ எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பத்தை நான் எழுதித் தருகிறேன்.