சீன, ஜப்பானியச் சமயங்களின் தொடக்கமும் தொன்மை நம்பிக்கைகளும்

(ஆலயத் திருவிழாவில் ஆற்றிய சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தாசேக் கெலுகோர் வட்டாரத்தில் நாமும் சீனரும் பல தலைமுறைகளாக அருகருகே வாழ்ந்து வருகிறோம். தைப்பூசத்தின்போது பினாங்கில் இரதம் வரும் வழியெங்கும் சீன அன்பர்கள் தேங்காய்களைக் குவித்து உடைப்பதைக் காண்கிறோம். அவர்கள் நம் முருகப்பெருமானை நாடி வரும் அளவிற்கு, நாம் அவர்களுடைய வழிபாட்டை அறிந்திருக்கிறோமா? ஏழாம் மாதத்தில் அவர்கள் சாலையோரம் தாள்களை எரிப்பதைக் கண்டு நம் பிள்ளைகள் காரணம் கேட்டால், "அது பேய்க்குச் செய்வது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அண்டை வீட்டாரின் வழிபாட்டை இகழப் பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுக்கலாமா? ஆதலால் அவ்வழிபாட்டின் வேரைச் சிறிது ஆராய்வோம்.

சீனரின் தொன்மைச் சமயத்தைத் தோற்றுவித்தவர் என்று எவரையும் சுட்ட இயலாது. 1899ஆம் ஆண்டில், மருந்துக்காக விற்கப்பட்ட பழைய எலும்புகளில் எழுத்துகள் இருப்பதைச் சீன அறிஞர்கள் கண்டனர். அவை ஆன்யாங் நகருக்கு அருகே, ஷாங் அரசர்களின் தலைநகர் இருந்த இடத்திலிருந்து வந்தவை. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1250 முதல் 1050 வரை ஆகும். ஆமையோட்டிலும் மாட்டின் தோள் எலும்பிலும் குழி குடைந்து, சூடேற்றி, தோன்றும் வெடிப்புகளைக் கொண்டு குறி பார்த்தனர். மழை பெய்யுமா, விளைச்சல் செழிக்குமா, அரசிக்குச் சுகப்பேறு ஆகுமா, அரசனின் பல்வலி எந்த முன்னோரின் சினத்தால் வந்தது என்றெல்லாம் வினவினர்.

அவர்கள் 'ஷாங் தி' என்னும் மேலான தெய்வத்தையும், மலை, ஆறு, காற்று ஆகியவற்றின் தெய்வங்களையும் நம்பினர். மறைந்த முன்னோர் குடும்பத்தைக் காப்பர் என்றும், புறக்கணித்தால் வருந்துவர் என்றும் கருதினர். மதுவும் தானியமும் விலங்கும் படைத்தனர்; மனிதரையும் பலியிட்டனர் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கி.மு. 1046 அளவில் ஷாங் அரசு வீழ்ந்து ஜோவ் மரபு ஆட்சிக்கு வந்தது. அவர்கள் வானத்தை, அதாவது 'தியன்' என்பதை, முதன்மைப்படுத்தினர். அரசனுக்கு ஆளும் உரிமையை வானமே அளிக்கிறது. அவன் அறம் தவறினால் அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது என்றனர். செங்கோலையும் கொடுங்கோலையும் அறிந்த நமக்கு இக்கருத்து புதிதன்று.

கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்த கன்பூசியஸ், முன்னோர் கடனைக் குடும்ப ஒழுக்கத்தின் அடிப்படையாக வற்புறுத்தினார். லாவோட்சு பெயரால் வழங்கும் தாவோ நெறி, இயற்கையின் போக்கோடு இயைந்து வாழச் சொல்லிற்று. கி.பி. முதல் நூற்றாண்டளவில் பௌத்தமும் சென்று சேர்ந்தது. இன்று பினாங்கில் நாம் காணும் சீனர் வழிபாடு இவை அனைத்தும் கலந்ததாகும்.

சீனப் புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியன் மக்கள் முழுக் கரும்புகளை நிறுத்தி வணங்குவது 'தீ கோங்' என்னும் வானத் தலைவரை. சிவப்பு நிறச் சிறு மாடங்களில் வணங்கப்படும் 'டத்தோ கோங்' இந்த மண்ணின் காவல் தெய்வம். நம் எல்லைச் சாமியை ஒத்தவர். ஏழாம் மாதப் படையலோ முன்னோருக்கும், நினைப்பார் எவருமற்ற ஆவிகளுக்கும் உரியது. சில ஆண்டுகளில் நம் ஆடி அமாவாசையை ஒட்டியே அந்த மாதம் பிறக்கிறது. இல்வாழ்வானின் கடமைகளை எண்ணிய வள்ளுவர் தென்புலத்தாரை முன்வைத்தார் அல்லவா? ஆதரவற்ற ஆவிக்கும் ஒரு பிடி சோறு வைக்கும் நெஞ்சத்தைப் பேய் வழிபாடு என்று தள்ளுவது முறையாகாது.

இனி ஜப்பானைக் காண்போம். அங்குள்ள தொன்மை நெறி ஷிந்தோ எனப்படும்; 'தெய்வங்களின் வழி' என்பது பொருள். இதற்கும் நிறுவனர் இல்லை. மலை, அருவி, முதிய மரம், முன்னோர் என வியப்பும் அச்சமும் தரும் எதிலும் 'காமி' உறைவதாக நம்பினர். இன்றும் பெருமரங்களில் வைக்கோற் புரியைக் கட்டிப் புனிதம் காட்டுவர். கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட கொஜிக்கி என்னும் நூல், இசானாகி என்னும் தெய்வம் நீராடி மாசு நீக்கியபோது அவரது இடக்கண்ணிலிருந்து கதிரவத் தேவி அமதெராசு தோன்றியதாகக் கூறும். அதனால் தூய்மையே அந்நெறியின் உயிர். கையும் வாயும் கழுவிய பின்னரே சந்நிதிக்குச் செல்வது மரபு. அத்தேவியின் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவர். 2013இல் அப்பணி நிறைவேறியது.

இத்துணை எளிய நெறியையும் அரசு தன் கருவியாக்கியதுண்டு. 1868க்குப் பின் பேரரசரைத் தெய்வ வழியினராக முன்னிறுத்தி ஷிந்தோவை ஆட்சியோடு பிணைத்தனர். அப்பேரரசின் படை 1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கியது. சயாம் மரண இரயில் பாதையில் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பல்லாயிரவர் மாண்டனர். 1946 சனவரி முதல் நாள் வெளியிட்ட அறிக்கையில், தாம் தெய்வம் என்னும் கருத்தைப் பேரரசர் மறுத்தார். குற்றம் மரத்தை வணங்கிய உழவனுடையது அன்று. வழிபாட்டை ஆதிக்கத்திற்குப் பயன்படுத்தியவர்களுடையது. எச்சமயத்தாரும் நினைவிற்கொள்ள வேண்டிய பாடம் இது.

அன்பர்களே! இவையெல்லாம் நம்மிடமிருந்தே சென்றவை என்று சிலர் மேடையில் முழங்குவர். சென்றவை உண்டு. பினாங்கில் 1800இல் எழுந்த கோயிலில் அருள்புரியும் குவான் யின், பௌத்தத்தின் அவலோகிதேசுவரரே. ஜப்பானியரின் பென்சாய்தென் நம் சரசுவதியே. பினாங்குச் சீனருள் பலருடைய முன்னோரின் ஃபூஜியன் மாநிலத்தில், சுவான்சௌ துறைமுகத்தில், சிவாலயம் ஒன்றைப் பற்றிய 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. ஆயினும் வானத்தையும் முன்னோரையும் காமியையும் வணங்க அவர்களுக்கு நாம் கற்பிக்கவில்லை. அவர்கள் தாமே கண்டனர். நம் முன்னோரும் தாமே கண்டனர். வெவ்வேறு மண்ணில் மனித உள்ளம் ஒன்றுபோல் கைகூப்பியது என்பதே பெருமைக்குரியது.

சுவான்சௌவில் நம் வணிகர் சிவனுக்குக் கோயில் கட்ட அந்த மண் இடம் தந்தது. அந்தப் பெருந்தன்மையை நம் பிள்ளைகளும் கற்கட்டும். சாலையோரப் படையலை மிதிக்காமல் விலகி நடக்கவும், அண்டை வீட்டாரிடம் அன்போடு கேட்டறியவும் அவர்களைப் பழக்குங்கள். அவ்வாறே, ஆடி அமாவாசைக்கு நாம் ஏன் இலை போடுகிறோம் என்பதையும் அவர்களுக்கு விளக்குங்கள். தன் வழிபாட்டின் பொருளை அறிந்த பிள்ளை, பிறர் வழிபாட்டை இகழாது.