ஆபத்துக் காலத்திலே அறிவு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



எல்லாம் வல்ல இறைவனின் திருவருளை முன்னிட்டு இவ்வுரையைத் தொடங்குகின்றோம். ஆபத்துக் காலத்திலே செய்தியை எவ்வாறு திரட்டுவது, எவ்வாறு பேணுவது, அதனைக் கொண்டு எவ்வாறு முடிவு செய்வது என்பதே எமக்குத் தரப்பட்ட பொருள். சமயச் சங்கத்தின் விழாவுக்கு இப்பொருள் பொருந்துமோ என்று சிலர் ஐயுறக்கூடும். துன்பம் வந்துழி அயலவனைக் காப்பது தருமம் என்பதை நாம் எல்லோரும் ஒப்புகின்றோம். அந்த அயலவன் எவ்விடத்தில் இருக்கின்றான், அவனுக்கு என்ன குறை, அவனிடம் செல்லும் வழி எது என்பவற்றை அறியாதவன் அத்தருமத்தை எங்ஙனம் செய்வான்? ஆதலின் முன்கூட்டி அறிந்து வைத்திருத்தலும் தருமத்தின் ஒரு பகுதியேயாம்.

செய்தி வேறு, அறிவு வேறு

செய்தி என்பது வந்து சேர்வது. அறிவு என்பது நம்மிடம் ஏற்கெனவே இருப்பது. இரண்டும் கூடினாலன்றி நல்ல முடிவு பிறவாது. "கடல் பெருகுகின்றது" என்பது செய்தி. "நம் ஊரிலே எந்த ஒழுங்கை தாழ்ந்தது, எந்த வீட்டில் நடக்க இயலாத கிழவி இருக்கின்றாள்" என்பது அறிவு. முன்னது வானொலியில் வரும். பின்னது எந்த வானொலியிலும் வராது.

திருவள்ளுவர் பொருட்பாலிலே தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்குச் சொன்ன அம்முறை ஒரு கிராமத்துக்கும் பொருந்தும். என்ன செய்யப் போகின்றோம், நம்மிடம் உள்ள வலி எவ்வளவு, எவ்வளவு நேரம் இருக்கின்றது, எவ்விடத்துக்குச் செல்வது என்னும் இந்நான்கு வினாக்களுக்கும் விடையை முன்னரே எழுதி வைத்திருக்கும் ஊர், ஆபத்து வரும்போது யோசித்துக் கொண்டு நிற்காது.

இரண்டு மணி நேரம்

2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26 ஆம் திகதியை நம் கடலோர மக்கள் மறக்கமாட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாளுமாம். அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. அக்காலத்து இலங்கை நேரப்படி காலை 7 மணிக்குச் சற்று முன்னே சுமாத்திராத் தீவின் அருகே கடலடியில் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட அலை நமது கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்றது. நிலநடுக்கம் நிகழ்ந்து கால் மணி நேரத்துக்குள் ஹவாய்த் தீவிலுள்ள பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தார் அதனை அறிந்திருந்தனர். ஆயினும் இந்து சமுத்திரத்துக்கென ஓர் எச்சரிக்கை ஒழுங்கு அந்நாளில் இருக்கவில்லை. யாருக்குச் சொல்வது, சொன்னால் அவர் யாருக்குச் சொல்வார் என்னும் தொடர்பு அமையாதிருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்திலே உடுத்துறையிலும், தாளையடியிலும், மருதங்கேணியிலும், முல்லைத்தீவிலும் மக்கள் தத்தம் வேலையைப் பார்த்துக் கொண்டிருந்தனர். இலங்கை முழுவதிலும் 30,000 பேருக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடுத்துறையிலுள்ள நினைவாலயத்துக்குச் சென்றவர்கள் அங்கே எழுதப்பட்ட பெயர்களைப் பார்த்திருப்பார்கள். செய்தி உலகில் இருந்தது, உரியவரிடம் வரவில்லை. இதுவே நாம் இன்று சிந்திக்க வேண்டிய குறை.

காப்பாற்றப்பட்ட இரண்டு ஊர்கள்

அதே நாளிலே புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அப்பகுதிக் கிராமங்களில் அறிவு நிலையங்களை அமைத்திருந்தனர். கடலின் நிலை, மீன் விலை, அரசாங்க உதவிகள் ஆகியவற்றை ஒலிபெருக்கி மூலம் ஊராருக்குச் சொல்வது இவ்வகை நிலையங்களின் அன்றாட வேலை. அன்று சிங்கப்பூரிலே தொழில் செய்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியிற் பேசினார். செய்தி அறிவு நிலையத்துக்கு ஓடிற்று, ஒலிபெருக்கி முழங்கிற்று. ஏறத்தாழ 3,600 மக்கள் வாழ்ந்த அவ்வூரில் வீடுகளும் வள்ளங்களும் அழிந்தன. உயிர் ஒன்றேனும் போகவில்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒலிபெருக்கியை அன்று. அது நமது எல்லாக் கோயில்களிலும் இருக்கின்றது. நாள்தோறும் உண்மையைச் சொல்லிப் பழகிய குரல் அது என்பதே முக்கியம். என்றும் பேசாத குரல் ஆபத்து நாளில் மாத்திரம் "ஓடுங்கள்" என்றால் ஓடுபவர் சிலரே.

மற்றது, சுமாத்திராவுக்கு மேற்கேயுள்ள சிமெலுவே என்னும் தீவு. நிலநடுக்கத்துக்கு மிகவும் அண்மையிலிருந்த தீவு அது. அங்கே ஒலிபெருக்கி உதவவில்லை. அதற்கு நேரமும் இல்லை. 1907 ஆம் ஆண்டிலே அத்தீவைக் கடல் கொண்டபோது தப்பியவர்கள், "நிலம் பலமாக நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள். பாட்டாகவும் கதையாகவும் "ஸ்மோங்" என்ற ஒரே சொல்லாகவும் அது ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்தது. 2004 இல் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் தொகை பத்துக்கும் குறைவு.

நமது நிலத்துக்கு ஏற்ற அறிவு

இவற்றைக் கேட்டவுடன், "நாமும் அப்படியே செய்வோம்" என்று எழுந்துவிடுதல் போதாது. சுமாத்திராவில் நிலம் நடுங்கினால் அத்தீவார் உணர்வர், நாம் உணரமாட்டோம். அவர்களுக்கு மலை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. வடமராட்சி கிழக்கோ ஒருபுறம் கடலும் மறுபுறம் நீரேரியுமாக ஒடுங்கிய நிலம். அங்கே கடலுக்கு எதிர்ப்புறமாக ஓடுபவன் நீரேரிக் கரையில் நிற்கக்கூடும். நீரேரியைக் கடக்கும் பாதை எது, மாரி காலத்தில் அதில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், அதிலே உழவு இயந்திரம் போகுமா என்பன அங்கே உயிருக்குரிய வினாக்கள். மணற்காட்டுப் பகுதியின் மணற்குன்றுகள் கடலுக்கு ஓர் அரண் என்பதையும், மணலை அள்ளி விற்பவன் அவ்வரணை விற்கின்றான் என்பதையும் அறிதல் அதனைச் சார்ந்த அறிவு.

வலிகாமத்தார்க்குக் கேள்வி வேறு. வழுக்கியாறு மாரியில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்தில் கடலோடு சேர்கின்றது. அதன் வாய்க்காலை மறித்து மதில் கட்டினால் வெள்ளம் யார் வீட்டுக்குள் புகும் என்பது அவ்வூர்க் கமக்காரருக்குத் தெரியும். 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி நமது வடபகுதியையும் தாக்கியது. 2008 நவம்பரில் "நிஷா", 2020 டிசெம்பரில் "புரெவி" என்பன குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தின. 2025 நவம்பர் இறுதியில் "டித்வா" சூறாவளியால் இத்தீவில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒவ்வொரு முறையும் வெள்ளம் எவ்விடத்தில் எவ்வளவு உயர்ந்தது என்பதை ஒரு சுவரிலேனும் கோடிட்டு வைத்தோமா? வைத்திருந்தால் அதுவே அடுத்த முறைக்கு அறிவு.

பொய்ச் செய்தியும் ஆராய்தலும்

செய்தி வராமையால் வரும் கேடு ஒன்று. ஆராயாத செய்தியால் வரும் கேடு மற்றொன்று. 2004 டிசெம்பர் 30 ஆம் திகதி, இன்னோர் அலை வரக்கூடுமென்று இந்தியாவிலே விடுக்கப்பட்ட எச்சரிக்கையால் தமிழ்நாட்டுக் கரை முழுவதும் மக்கள் கலங்கி ஓடினர். அலை வரவில்லை, மீட்பு வேலைதான் குழம்பிற்று. பின்னர் இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கு அமைந்தது. 2012 ஏப்பிரில் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரும் நிலநடுக்கம் நிகழ்ந்தபோது முறைப்படி எச்சரிக்கை வந்தது, மக்கள் அகன்றனர், அபாயம் இல்லையென்று தெரிந்ததும் எச்சரிக்கை நீக்கப்பட்டது. இரண்டிலும் பேரலை வரவில்லை. ஆயினும் முன்னதில் கலக்கமும் பின்னதில் ஒழுங்கும் இருந்தன.

ஒற்றாடல் என்னும் அதிகாரத்திலே, ஒருவன் கொணர்ந்த செய்தியை இன்னொருவன் கொணர்ந்ததோடு ஒப்பிட்டுத் தெளியுமாறு வள்ளுவர் கூறினார். இன்று கைத்தொலைபேசியில் வாட்ஸ்அப் வழியாக வரும் செய்தியை ஒரு விரலால் நூறு பேருக்கு அனுப்பும் வாலிபர், அந்த ஒப்பீட்டுக்கு ஒரு நிமிடமேனும் கொடுக்க வேண்டும். யார் சொன்னார், எப்போது சொன்னார், எவ்வூரைப் பற்றிச் சொன்னார் என்பவை இல்லாத செய்தியை அனுப்பாதிருப்பதே பெரிய தொண்டு.

சொல்லும் முறையும் ஒன்றுண்டு. இலங்கையினின்று மீண்ட அனுமன், காத்திருந்த இராமனுக்குத் தன் வீரத்தையும் கடலைத் தாண்டியதையும் முதலிற் சொல்லவில்லை. சீதையைக் கண்டதை முதலிற் சொன்னான். சொல்லின் செல்வன் என்று அவனைப் புகழ்வது வீணன்று. எச்சரிக்கை செய்பவரும் கேட்பவனுக்கு எது முதலில் வேண்டுமோ அதனை முதலிற் சொல்ல வேண்டும். அவனுடைய மொழியிலே சொல்ல வேண்டும்.

கடைசிப் படி

அரசாங்கம் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை இயற்றி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை நிறுவியது. 117 என்னும் இலக்கத்திலே அதனோடு பேசலாம். யாழ்ப்பாண மாவட்டத்திலே 15 பிரதேச செயலகப் பிரிவுகளும், அவற்றின்கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. கொழும்பிலிருந்து கச்சேரிக்கும், கச்சேரியிலிருந்து பிரதேச செயலகத்துக்கும், அங்கிருந்து கிராம அலுவலருக்கும் செய்தி வந்துவிடும். அவர் ஒருவர், வீடுகளோ பல நூறு. அவரிடமிருந்து வீட்டு வாசல் வரையுள்ள கடைசிப் படியே மிகவும் நீளமானது. அது வாலிபர்களின் கால்களுக்கு உரியது.

அறிவைப் பேணுதல்

1981 ஆம் ஆண்டு மே மாத முடிவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. ஒரே இடத்திலே மாத்திரம் உள்ள அறிவு எவ்வளவு எளிதில் அழியும் என்பதை நம்மிலும் நன்கறிந்தவர் எவர்? 2005 முதல் நூலகம் என்னும் மின்னூலகத்தார் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் படியெடுத்து உலகின் எப்பகுதியிலிருந்தும் படிக்க வைத்திருப்பது அந்நெருப்புக்கு ஏற்ற மறுமொழி. ஊர் அறிவுக்கும் அதுவே விதி. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் இருக்க வேண்டும்.

ஆனால் எழுதப்படாத நூலகம் ஒன்று நம் திண்ணைகளில் இருக்கின்றது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தின் வழியாகவும் மழையில் நடந்து சென்றார்கள். எதை எடுத்துச் சென்றது உதவியது, எதை விட்டுச் சென்றது வருத்தியது, குழந்தைகளும் முதியோரும் எவ்விடத்தில் துன்பப்பட்டனர் என்பவற்றை அறிந்த பெரியோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களை ஒருவரும் கேட்பதில்லை. ஆண்டுதோறும் அந்நூலகத்தில் சில ஏடுகள் குறைகின்றன.

நமது முன்னோர் வழியும் இதுவே. 1877 ஆம் ஆண்டின் பஞ்சத்திலே ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே கஞ்சித் தொட்டி வைத்து ஏழைகளைக் காத்தார். அதனோடு அமையாது, மக்கள் படும் பாட்டை அதிகாரிகள் அறியும்படி எழுத்தாலும் வற்புறுத்தினார். கஞ்சியும் வேண்டும், உள்ளதை உள்ளபடி எழுதும் எழுத்தும் வேண்டும்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே சங்கத்தின் முன் ஒன்றை வைக்கின்றோம். கிராமம் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆபத்துதவிப் பதிவேடு எழுதுவோம். தனித்து நடக்க இயலாதவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் உள்ள வீடுகள், வள்ளம், உழவு இயந்திரம், நீரிறைக்கும் இயந்திரம் உடையவர், தாதிமார், மருத்துவர், வெள்ளம் புகாத மண்டபங்கள், பாடசாலைகள், உப்புப் படாத நன்னீர்க் கிணறுகள், முன்னைய வெள்ளங்கள் உயர்ந்த அளவு, யார் யாரை அழைப்பது என்னும் வரிசை. முடிவு செய்பவர் ஒருவர், அவர் இல்லையேல் அடுத்தவர் என்பதும் அதில் இருக்கட்டும். ஏனெனில் எல்லோரும் முடிவு செய்யும் இடத்தில் எவரும் முடிவு செய்வதில்லை.

"எல்லாம் கைத்தொலைபேசியிலே இருக்கின்றதே, கடதாசி எதற்கு?" என்று வாலிபர் கேட்பர். மின்சாரம் நின்று இரண்டாம் நாளிலே கைத்தொலைபேசி ஊமையாகும், கடதாசி ஆகாது. ஆகையால் கணினியிலும் இருக்கட்டும், கடதாசியிலும் இருக்கட்டும். ஒரு படி கோயிலிலே, ஒரு படி கிராம அலுவலரிடம், ஒரு படி அயற்கிராமத்துச் சங்கத்திலே. தேவாலயமும் பள்ளிவாசலும் உள்ள ஊர்களில் அவற்றின் பெரியோரிடமும் ஒரு படி கொடுப்போம். வெள்ளம் சமயம் பார்ப்பதில்லை. வீட்டாரின் சம்மதமின்றி எதனையும் எழுதலாகாது. நோயையும் வறுமையையும் எழுதிய ஏட்டை வம்புக்குத் திறக்கலாகாது.

"விதிப்படி நடக்கும், எழுதி என்ன பயன்?" என்று பெரியோர் சிலர் கேட்பர். மழை வருமென்று பஞ்சாங்கம் சொல்லியும் கூரை வேய்ந்தவர்கள்தாமே நீங்கள்! அந்த வழக்கத்தையே ஊருக்குச் செய்யுங்கள் என்கின்றோம்.

எழுதியதைப் புதுக்காத ஏடு பொய்யேடு ஆகும். வாடைக்காற்று மாரிக்கு முன்னே நவராத்திரி வருகின்றது. விஜயதசமி நாளிலே பிள்ளைகளுக்கு ஏடு தொடக்குகின்றோம், கருவிகளைப் பூசிக்கின்றோம். அந்நாளிலேயே இவ்வேட்டையும் வைத்துப் பூசித்து, மறுநாள் வீடு வீடாகச் சென்று திருத்தி எழுதுவோமாக. அவ்வாரத்திலே ஒருமுறை கோயில் மணியை அடித்து, எல்லோரும் குறித்த இடத்துக்கு நடந்து பார்ப்போமாக. யாருக்கு எவ்வளவு நேரம் சென்றது என்பதையும் ஏட்டில் எழுதுவோமாக.

அன்பர்களே, அடுத்த ஆபத்து எந்நாளில் வரும் என்பதை நாம் நிச்சயிக்க இயலாது. அது வரும்போது நமக்கு இரண்டு மணி நேரமேனும் கிடைத்தால், அந்நேரம் தேடுதலிலே கழியாமல் காத்தலிலே கழியும்படி செய்வது நமது கையில் இருக்கின்றது. இவ்வாண்டு விஜயதசமிக்கு முன் ஒரு கிராமத்திலேனும் முதலாவது ஏடு எழுதப்படுமாயின் இவ்வுரை பயன் பெற்றதாகும்.