நாடி மெல்ல ஓடினால்



வரப்பில் கண் இருட்டி விழுந்தவருக்கு, "பித்த மயக்கம்"னு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துட்டு விட்டுடுறோம். நாடியைப் பார்த்தோமா? மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக விரல் வைத்து, கடிகாரம் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 60 முதல் 100 வரை வழக்கம். உழைத்து உரமேறிய உடம்புக்கு 50 கூட இருக்கலாம், பயமில்லை. ஆனால் துடிப்பும் குறைந்து மயக்கமும் வந்தால் இ.சி.ஜி. எடுத்தே ஆகணும்.

செங்கல்பட்டிலோ சென்னையிலோ பெரிய டாக்டரைப் பார்க்க நாள் குறித்தாயிற்று. அதுவரை நோயாளி தனியாகக் கிணறு, ஏரிப் பக்கம் போகக் கூடாது. மரம் ஏறவோ வண்டி ஓட்டவோ கூடாது. வீட்டுக்காரர் முறைத்துக்கொள்வார், விட்டுக்கொடுக்காதீங்க அம்மா. நோயாளி மனைவியானால் குடத்தை ஐயா தூக்கட்டுமே, ஒன்றும் குறைந்துபோகாது!

தலை சுற்றினால் அங்கேயே படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மயங்கியவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில நாடியைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மறுபடி மயங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

பேஸ்மேக்கர் வைத்தால் ஆயுசு போச்சு என்பது வெறும் பேச்சு. 1958-ல் ஸ்வீடனில் முதன்முதலாக அதை உடம்புக்குள் வைத்துக்கொண்டவர், கருவியைப் பல தடவை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.