1803இல் நீ யார், பிள்ளை?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு டொக்டரை மேடைக்குக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். அதைக் கிளினிக்கில் நாள்தோறும் பேசுகிறேன், இன்றைக்கு அதற்கு விடுமுறை. நான் பேச வந்தது வினோத உடையைப் பற்றி.

நூற்றாண்டு ஊர்வலத்தில் வன்னியின் பழைய காலத்தை மாணவிகள் வேடமிட்டுக் காட்டப்போகிறார்கள் என்று அறிந்தேன். நல்ல யோசனை. ஆனால் நாங்கள் படித்த காலத்து வினோத உடைப் போட்டிகளை நினைத்துப் பாருங்கள். பண்டாரவன்னியன் வருவார்: வெல்வெட் அங்கி, மினுங்கற் கடதாசி ஒட்டிய கிரீடம், மட்டையில் வெட்டிய வாள். பின்னால் ஒரு ராணி வருவார், அவருக்கும் நைலெக்ஸ் சேலை. எல்லோரும் கைதட்டுவோம். அந்த மன்னர் எங்கே படுத்தார், என்ன சாப்பிட்டார், மழைக்கு எங்கே ஒதுங்கினார் என்று ஒருவரும் கேட்டதில்லை.

மேற்படிப்புக்காக நான் இங்கிலாந்தில் இருந்தபோது எங்கள் வாட்டில் ஒரு தாதி இருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை ஊசி, மருந்து, படுக்கை விரிப்பு. சனி, ஞாயிறில் அவர் 1640களில் வாழ்ந்த ஒரு பாண் சுடுபவரின் மனைவி. அங்கே உள்நாட்டுப் போர்க் காலத்தை மைதானங்களில் நடித்துக் காட்டும் சங்கங்கள் இருக்கின்றன. 'சீல்ட் நொட்' என்பது 1968 முதல் நடக்கிறது. அமெரிக்காவிலும் 1966இல் பேர்க்லியில் தொடங்கிய ஒரு சங்கம் உண்டு. அதில் சேருபவர்கள் பதினேழாம் நூற்றாண்டுக்கு முந்திய ஒரு ஆளைத் தமக்கென்று உருவாக்கிக்கொள்கிறார்கள். பெரும்பாலும் ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலம், அல்லது அதற்கு முந்திய காலம். பெயர் என்ன, எந்த ஊர், எந்த ஆண்டு பிறந்தாள், தகப்பன் என்ன தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, எத்தனை பிள்ளை பெற்று எத்தனை தங்கியது. இவ்வளவுக்கும் விடை கண்ட பிறகுதான் ஊசியும் நூலும் எடுப்பார்கள். அந்தத் தாதி தன் உடுப்பைத் தைக்க எடுத்த காலத்தைவிட அந்தப் பெண்ணைத் தெரிந்துகொள்ள எடுத்த காலம் அதிகம். முதலில் ஆள், பிறகுதான் உடுப்பு. இதைத்தான் நான் இங்கே கொண்டுவர விரும்புகிறேன்.

மறுமலர்ச்சிக் காலம் என்றதும் அது இத்தாலியின் கதை, எங்களுக்கென்ன என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தின் கப்பல்கள்தான் 1505இல் இலங்கைக்கு வந்தன. 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கையில் வீழ்ந்தது. அவர்கள் போய்விட்டார்கள், அவர்களுடைய சொற்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன: கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, லேஞ்சி, அலவாங்கு, பாண். ஆகவே 1500ஆம் ஆண்டின் ஒரு வன்னிப் பெண்ணாக வர விரும்பும் பிள்ளை "கதிரையில் இருங்கோ" என்று சொல்லமுடியாது. மிளகாய்த்தூள் போட்ட கறியும் வைக்கமுடியாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயரோடு வந்த பொருள். அவளுடைய கறிக்கு மிளகுதான். 1803இல் மிளகாய் உண்டு, தேத்தண்ணி இல்லை. தேயிலைத் தோட்டம் இந்நாட்டில் தொடங்கியதே 1867இல்தான்.

ஏன் 1803? அந்த ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைப் பிடித்தார். ஒக்டோபர் 31ஆம் திகதி கப்டன் வொன் டிறிபேர்க்கின் படையிடம் தோற்றார். ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்துக் கற்சிலைமடுவில் நட்ட கல் அந்தத் திகதியைத்தான் சொன்னது. வவுனியாவில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆனால் அவரை நேரில் பார்த்து வரைந்த படம் எதையும் நான் கண்டதில்லை. நாங்கள் அறிந்த மீசையும் கிரீடமும் நாடக மேடையும் சினிமாவும் கொடுத்தவை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண் யார்? காட்டுப் பாதையால் படை போனபோது குளக்கட்டில் நின்று பார்த்த பிள்ளை யார்? எங்கள் ஊர்வலத்தில் அவர்களைத்தான் நான் தேடுகிறேன். ஆயுதம் தூக்கிய வேடம் போதுமென்று எனக்குப் படுகிறது, பிள்ளைகளே. ஆளும் பெண் வேண்டுமென்றால் அதற்கும் ஆள் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் வன்னிப் பற்றுகளை ஆண்ட பெண்களை வன்னிச்சி என்று அழைத்தார்கள்.

இனி உடுப்பு. தையல் மெசினும் சாயத் தொழிற்சாலையும் இல்லாத காலம். கிளிப்பச்சையும் கத்தரிப்பூ நிறமும் ரோஸும் தள்ளிவையுங்கள். செயற்கைச் சாயம் 1856இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சிவப்பு வேண்டுமென்றால் சாயவேர்ச் சிவப்பு. எங்கள் வடபகுதியில் கிண்டியெடுத்த வேர், ஒல்லாந்தர் அதைத் தங்கள் கையில் வைத்து வியாபாரம் செய்தார்கள். சாதாரணப் பெண்ணுக்கு வெளுக்காத பருத்தித் துண்டு. வேலைக்கும் குளிப்புக்கும் குறுக்குக்கட்டு. அவளுக்கு இறவிக்கை கிடையாது. மேடையில் பிள்ளைகளுக்கு அது கூச்சம் என்றால் தோல் நிறத்தில் உள்ளுடுப்புப் போடுங்கள், அதில் குற்றமில்லை. ஆனால் ஒன்றை மறைக்கவேண்டாம். மேலே துணி போடுவதும் செருப்புப் போடுவதும் எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டிருக்கவில்லை. சாதி பார்த்துத்தான் துணி இடுப்போடு நின்றது. இங்கிலாந்தில் எலிசபெத் மகாராணி 1574இல் யார் பட்டு உடுக்கலாம், யார் உடுக்கக்கூடாது என்று கட்டளை போட்டார் என்று அந்தத் தாதி சொன்னபோது எனக்குப் புதினமாக இருக்கவில்லை.

டொக்டர் என்ற முறையில் எனக்கு இன்னொரு குறை உண்டு. எங்கள் வேடங்களுக்கு உடம்பே இல்லை. 1803இன் வன்னிப் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து வந்து போயிருக்கும், மண்ணீரல் வீங்கி வயிறு தள்ளியிருக்கும். மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது 2016இல். அதுவரை இந்தக் காட்டின் சரித்திரத்தில் பாதி காய்ச்சலின் சரித்திரம். பறங்கி என்ற புண்நோயும் இருந்தது. டொக்டர் கின்சி 1881இல் அதைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். பெனிசிலின் வந்த பிறகுதான் அது ஓடியது. காலில் புண்ணுள்ளவள் எப்படி நடப்பாள்? அந்த நடையைப் பழகிவிட்டால் கிரீடம் தேவையில்லை. புண்ணைச் சாயத்தால் கீறிக் காட்டவேண்டாம், நடந்தால் போதும்.

இவ்வளவு பின்னுக்குப் போக விருப்பமில்லாத பிள்ளை கிட்டடியில் ஒரு ஆளைத் தேடலாம். 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றத்துக்கு மண்வெட்டியோடும் கைக்குழந்தையோடும் வந்த பெண். 1905இல் வடக்கே முழுதும் ஓடத் தொடங்கிய ரயிலை மாங்குளத்தில் முதன்முதல் பார்த்த பெண். இவர்களை உருவாக்கப் புத்தகம் போதாது. ஜே. பி. லூவிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைந்நூலில் குளம், நெல், வரி எல்லாம் இருக்கும். கொய்யகத்தை எந்தப் பக்கம் செருகினாள் என்பது அம்மம்மாவுக்குத்தான் தெரியும்.

எங்கள் கஷ்டமும் இதில்தான் இருக்கிறது. மற்ற ஊர்களில் பெட்டியைத் திறந்தால் பூட்டியின் கூறைச்சேலை இருக்கும். எங்களில் எத்தனை பேருக்குப் பெட்டி இருக்கிறது? 2009இல் தூக்கியது பிள்ளையையும் அடையாள அட்டையையும்தான். அல்பங்கள் பங்கருக்குள் மண்ணாகப் போயின. என் கிளினிக்கில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, இரத்த அழுத்தம் பார்க்க நீட்டிய கையாலேயே, தன் தாயார் கொய்யகம் வைத்துக் கட்டிய முறையைச் சால்வையில் மடித்துக் காட்டினார். எனக்குப் பின்னால் முப்பது நோயாளர் வரிசையில். அடுத்த கிளினிக்குக்கு ஒரு தாதியை வீடியோ எடுக்க ஆயத்தப்படுத்தினேன். அவர் வரவில்லை. அந்தியேட்டி முடிந்துவிட்டது என்று மகள் வந்து சொன்னார்.

ஆகவே வெளிநாட்டில் இருக்கும் அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே எரிந்த படங்களின் இன்னொரு பிரதி உங்களிடம் இருக்கிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கடிதத்துக்குள் வைத்து அம்மா அனுப்பிய படங்கள்: சாமத்தியச் சடங்கு, வற்றாப்பளைப் பொங்கல், வீட்டு வாசலில் அம்மம்மா. டொராண்டோவிலும் லண்டனிலும் அலுமாரி மேல்தட்டில் பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கும். எடுத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியால் ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். யார், எந்த ஊர், ஏறத்தாழ எந்த ஆண்டு, சேலை என்ன நிறம் என்று தெரிந்ததை எழுதுங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது, அது உங்களுக்கு மட்டும் தெரியும். படம் இல்லாதவர்கள் நினைவிலிருந்து இரண்டு வரி எழுதினாலும் போதும்.

பின்வரிசைப் பிள்ளைகளுக்கு விடுமுறை வருகிறது. வீட்டில் மூத்த ஆளுக்குப் பக்கத்தில் போய் இருங்கள், ஒரு துண்டைக் கையில் கொடுங்கள், "உங்கட அம்மா எப்படிக் கட்டினவா?" என்று கேளுங்கள். கேட்டதை ஒரு கொப்பியில் எழுதிக் கொண்டுவந்து வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். ஊர்வலத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.