ஆசிரியரை அளக்கலாம், அளவுகோல் யார் கையில்?

(அரசுப் பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசுப் பள்ளி ஆசிரியர்களின் பணித்திறனை மதிப்பிட வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஒன்றிய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020 இதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. பதவி உயர்வும் ஊதிய உயர்வும் பணிமூப்பின்படி கிடைக்காது, மதிப்பீட்டின்படி மட்டுமே கிடைக்கும் என்கிறது. ஆசிரியர் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்க்கின்றன. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனாலும் தேர்வு முடிவு வந்த மறுவாரம் தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பது இங்கேயும் நடக்கிறது. பெயர் வைக்காத மதிப்பீடு அது.

இந்த விவாதத்தில் அரசு ஒரு பக்கம் நிற்கிறது, சங்கங்கள் மறுபக்கம் நிற்கின்றன. வகுப்பறையின் கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளையின் பக்கம் யார் நிற்பது? சாதி ஒழிப்பைப் பேசுகிற நாம் அங்கேதான் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் இரு தரப்பும் சொல்லாத சில செய்திகள் தெரிகின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களை மதிப்பிட வேண்டும். பள்ளி பிடிக்கவில்லை என்றால் கையில் பணம் இருப்பவர் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றிக்கொள்வார். காலனியிலிருந்து வருகிற கூலித் தொழிலாளியின் மகளுக்கு அந்த ஒரு பள்ளிதான். அந்த ஆசிரியர் ஐந்து ஆண்டுகள் பாடம் நடத்தவில்லை என்றால் அவளுக்கு அந்த ஐந்து ஆண்டுகள் போனது போனதுதான். எனவே ஆசிரியர் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்பதில் நம்மைவிட அக்கறை உள்ளவர்கள் யாரும் இருக்க முடியாது. "மதிப்பீடே கூடாது" என்கிற முழக்கம் நம்முடைய முழக்கமாக இருக்க முடியாது.

ஆனால் எதை வைத்து மதிப்பிடுவது? யார் மதிப்பிடுவது? இதில்தான் சாதி இருக்கிறது.

இது புதிய கேள்வி அல்ல. 1862இல் இங்கிலாந்தில் "விளைவுக்கேற்ற ஊதியம்" என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். ஆய்வாளர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். பிள்ளை தோற்றால் பள்ளிக்கு வர வேண்டிய மானியத்தில் வெட்டு விழும். அதே முறை நம்முடைய சென்னை மாகாணத்துக்கும் வந்தது, இந்தியாவின் பிற பகுதிகளுக்கும் போனது.

1882இல் ஆங்கில அரசு கல்வி நிலையை ஆராய ஹண்டர் குழுவை அமைத்தது. அந்தக் குழுவிடம் மகாத்மா ஜோதிராவ் புலே ஒரு விண்ணப்பம் அளித்தார். தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் பார்ப்பனர்களாக இருக்கிறார்கள், உழைக்கும் சாதிகளின் பிள்ளைகளோடு கலந்து பழகக்கூடிய ஆசிரியர்களை அந்த மக்களிடமிருந்தே பயிற்றுவித்து எடுங்கள் என்று கேட்டார். ஆசிரியருக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் ஊதியம் கொடுங்கள் என்று கேட்டார். அதே விண்ணப்பத்தில், விளைவுக்கேற்ற ஊதியம் என்பது ஏழை மக்களிடையே கல்வியைப் பரப்ப உதவாது என்றும் எழுதினார். காரணமும் சொன்னார். படிப்பின் சுவையே இன்னும் எட்டாத மக்களிடையே பள்ளி நடத்தி, அதன் விளைவைக் காட்டி ஓர் ஆசிரியர் வயிறு வளர்க்க முடியாது. அதனால் எந்த ஆசிரியரும் அங்கே போக மாட்டார். அரசுதான் பொறுப்பெடுத்துப் பள்ளி நடத்த வேண்டும் என்றார்.

கவனியுங்கள் தோழர்களே. ஆசிரியர்களைக் கடுமையாக விமர்சித்தவர் புலே. சாதி பார்க்கிற ஆசிரியருக்கு அவர் எந்தச் சலுகையும் காட்டவில்லை. ஆனாலும் விளைவை எண்ணிக் கூலி கொடுக்கும் முறையை அவர் எதிர்த்தார். அது சாதி பார்க்கிற ஆசிரியரைத் திருத்தாது, ஒடுக்கப்பட்ட பிள்ளையிடமிருந்து எல்லா ஆசிரியரையும் விலக்கி வைக்கும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

இன்றைய நிலைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009 என்ன சொல்கிறது? தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகள் ஐந்து. ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்புக்கும் ஒருவர்தான். இதற்கிடையில் எமிஸ் பதிவேற்றம் இருக்கிறது, வாக்காளர் பட்டியல் வேலை இருக்கிறது. அந்தப் பள்ளிக்கு வருகிற பிள்ளைகளில் பலர் முதல் தலைமுறையாகப் படிப்பவர்கள். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. இந்தப் பள்ளி ஆசிரியரையும், பாடவாரியாக ஆசிரியர்களும் மாலையில் டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளும் உள்ள நகரத்துப் பள்ளி ஆசிரியரையும் ஒரே மதிப்பெண் பட்டியலை வைத்து அளந்தால், அது ஆசிரியரின் உழைப்பை அளக்காது. பெற்றோரின் வசதியை அளக்கும். பெற்றோரின் வசதியை அளப்பது இந்த நாட்டில் பெரும்பாலும் சாதியை அளப்பதுதான்.

அடுத்து என்ன நடக்கும்? மெல்லக் கற்கும் பிள்ளை ஆசிரியருக்குச் சுமையாகிவிடும். அவன் என் வகுப்பில் இல்லாவிட்டால் என் விழுக்காடு கூடுமே என்ற எண்ணம் வரும். கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. நடுவில் இருப்பது ஒன்பதாம் வகுப்பு. "இவன் பத்தாவதில் தேற மாட்டான்" என்று முத்திரை குத்தி, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து, "ஏதாவது தொழில் கத்துக்கச் சொல்லுங்க" என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பும் வேலை அங்கேதான் நடக்கிறது. நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாசலில் பதாகை கட்டுகிற பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. குலக்கல்வித் திட்டத்தை 1954இல் விரட்டியடித்த மண் இது. தேர்ச்சி விழுக்காட்டின் பெயரால் அது பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது.

நம்மைப் போலவே ஒடுக்கப்பட்ட மக்கள் இந்த முறையால் பட்ட பாட்டை அமெரிக்காவில் பார்க்கலாம். 2002இல் அங்கே நடைமுறைக்கு வந்த சட்டம், தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பள்ளிகளைத் தரம் பிரித்தது. அட்லாண்டா நகர அரசுப் பள்ளிகளில் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்தார்கள். இலக்கை எட்டினால் ஊக்கத்தொகை, எட்டாவிட்டால் வேலைக்கே ஆபத்து என்ற நெருக்கடி. 2009ஆம் ஆண்டுத் தேர்வில் விடைத்தாள்களை ஆசிரியர்களே அழித்துத் திருத்தினார்கள். 2011இல் வெளியான மாநில அரசின் விசாரணை அறிக்கை, ஆய்வு செய்யப்பட்ட 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்ததாகவும் 178 ஆசிரியர்களும் முதல்வர்களும் அதில் தொடர்புடையவர்கள் என்றும் சொன்னது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது. அவர்களும் கறுப்பின மக்களே. படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்று காகிதம் சொன்னது. அதனால் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் உதவியும் கிடைக்காமல் போனது. இழப்பு யாருக்கு?

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2005 முதல் ஓர் ஆய்வு நடந்தது. கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு, பிள்ளைகளின் கற்றல் முன்னேற்றத்தைப் பொறுத்து ஒரு சிறு ஊக்கத்தொகை தரப்பட்டது. சராசரியாக ஆண்டு ஊதியத்தில் 3 விழுக்காடு. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் மற்றப் பள்ளிப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். ஆனால் அங்கே அளந்தது எதை என்று பார்க்க வேண்டும். பிள்ளை எவ்வளவு மதிப்பெண் எடுத்தது என்பதை அல்ல, தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்தது என்பதை அளந்தார்கள். தேர்வை நடத்தியது அந்த ஆசிரியர் அல்ல, வெளியார். யாருடைய வேலையும் பறிபோகவில்லை. அதாவது, அளவுகோலை மாற்றினால் பிள்ளைக்குப் பயன் உண்டு.

அளவுகோலை மாற்றினால் மட்டும் போதுமா? மதிப்பெண்ணுக்குள்ளேயே சாதி இருக்கிறதே! உத்தரப் பிரதேசக் கிராமத்துச் சிறுவர்களிடம் உலக வங்கி ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். காகிதத்தில் வரைந்த சிக்கலான பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். சாதியைச் சொல்லாதபோது ஆதிக்கச் சாதிச் சிறுவனுக்கும் ஒடுக்கப்பட்ட சிறுவனுக்கும் வேறுபாடு இல்லை. எல்லார் முன்னிலையிலும் பெயரோடு சாதியையும் சேர்த்துச் சொன்ன பிறகு, ஒடுக்கப்பட்ட சிறுவர்களின் திறன் சரிந்தது. அதே பிள்ளைகள்தான், அதே புதிர்தான். நடுவே வந்தது சாதியின் பெயர் மட்டுமே.

அப்படியானால் ஓர் ஆசிரியரிடம் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது? உன் வகுப்பில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதா? உன் வகுப்பில் எந்தப் பிள்ளையாவது தன் சாதியை நினைத்துக் குறுகி உட்கார்ந்திருக்கிறதா என்பதா? யார் எங்கே உட்கார்கிறார்கள்? தண்ணீர் எடுத்துவர யாரை அனுப்புகிறாய்? கேள்வி கேட்டால் யார் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாய்? 2022இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஒரு தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். வழக்கு வரை வந்ததால் அது வெளியே தெரிந்தது. வழக்கு வரை வராத ஆயிரம் சிறுமைகளைப் பதிவு செய்ய எந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இடம் இருக்கிறது?

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவன் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி சந்துரு குழுவைத் தமிழ்நாடு அரசு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஆசிரியர் தேர்வின்போதே சமூக நீதி குறித்த அவரது மனப்பாங்கைக் கருத்தில் கொள்ள வேண்டும், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அலுவலராகவும் தலைமையாசிரியராகவும் அமர்த்தக் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. நுழையும்போது பார்க்க வேண்டிய மனப்பாங்கை, பணியில் இருக்கும் முப்பது ஆண்டுகளும் பார்க்க வேண்டாமா?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பட்டியல் சாதி ஆசிரியரை யார் மதிப்பிடுவார்? அரசுத் துறைகளில் மேலதிகாரி எழுதும் இரகசியக் குறிப்பால் பதவி உயர்வு இழந்த நம்மவர்களின் கதை நீளமானது. அந்தக் குறிப்பை உரியவருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல்தான் சொன்னது. பணிமூப்பு என்பது குறையுள்ள முறையாக இருக்கலாம். ஆனால் அதிகாரியின் சாதிப் பார்வை எளிதில் கைவைக்க முடியாத முறை அது. அதை எடுத்துவிட்டு, "திறமை" என்று ஒருவர் தனியறையில் எழுதும் குறிப்பை வைத்தால், காலனியிலிருந்து படித்து வந்த ஆசிரியை தலைமையாசிரியர் நாற்காலியைப் பார்க்காமலே ஓய்வு பெறுவார்.

ஆகவே நம்முடைய கோரிக்கைகள் இவை.

ஒன்று, மதிப்பெண்ணை வைத்து ஊதியத்தையோ பதவியையோ தீர்மானிக்கக் கூடாது. பிள்ளை சேர்ந்தபோது இருந்த நிலையிலிருந்து அடைந்த முன்னேற்றத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றுபோன பிள்ளையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு, வகுப்பறையில் சாதிப் பாகுபாடு இல்லாமை மதிப்பீட்டின் முதல் தலைப்பாக இருக்க வேண்டும். அதில் தவறியவருக்கு வேறு எதில் எவ்வளவு மதிப்பெண் கிடைத்தாலும் பயன் இருக்கக் கூடாது.

மூன்று, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கு உரிய இடம் வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அந்தப் பெற்றோரின் கருத்து மதிப்பீட்டில் இடம்பெற வேண்டும். ஊர்ப் பெரிய மனிதரின் கருத்து பெற்றோரின் கருத்தாகிவிடக் கூடாது.

நான்கு, இரகசியக் குறிப்பு கூடாது. எழுதியது ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். மேல்முறையீடு வேண்டும். மதிப்பிடும் குழுவில் பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் பெண்களும் இருக்க வேண்டும்.

ஐந்து, ஆசிரியரை மதிப்பிடும் அதே படிவத்தில் அரசையும் மதிப்பிட வேண்டும். காலிப் பணியிடம் எத்தனை, கழிப்பறை கழுவப் பணியாளர் உண்டா, பாடம் நடத்த வேண்டிய நாட்களில் எத்தனை நாள் வேறு வேலைக்கு இழுத்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டுப் பிறகு ஆசிரியரைக் கேளுங்கள்.

ஆசிரியர் சங்கத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊதியத்துக்காகவும் ஓய்வூதியத்துக்காகவும் நீங்கள் போராடும்போது உடன் நிற்கிறோம். உங்களில் ஒருவர் பிள்ளையின் சாதியைச் சொல்லித் திட்டினார் என்று ஒரு தாய் புகார் கொடுக்க வரும்போது, சங்கம் அந்தத் தாயோடு நிற்க வேண்டும். அரசின் தவறான அளவுகோலை எதிர்க்கும் தகுதி உங்களுக்கு அப்போதுதான் முழுமையாக வரும்.

புலே விண்ணப்பம் கொடுத்து 140 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவர் கேட்ட ஆசிரியர்கள் இன்று நம்மிடையே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கடைசி வரிசைப் பிள்ளையைத் தேடிப் போகும்படியான மதிப்பீடு வரட்டும், நாமே முன்நின்று வரவேற்போம். அந்தப் பிள்ளையைப் பார்த்து அவர்களைப் பயப்பட வைக்கிற மதிப்பீடு வந்தால், அதை எதிர்த்து முதல் ஆளாகத் தெருவில் நிற்க வேண்டியவர்களும் நாம்தான்.