புராஸ்டேட் புற்றுநோயும் ஹார்மோன் மருந்தும்



அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் இடுப்பு வலிக்கிறது என்றால் நம் தோட்டப்புறங்களில் என்ன சொல்கிறோம்? "முப்பது வருஷம் செம்பனைக் குலை தூக்கிய இடுப்பு, வலிக்காமல் என்ன செய்யும்?" என்கிறோம், தைலம் தேய்த்து விடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் படுத்தாலும் தணியாமல் நாளுக்கு நாள் ஏறுகிற வலியும், சிறுநீர் கழிக்க முக்க வேண்டிய நிலையும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். புராஸ்டேட் சுரப்பியில் உண்டான புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கக்கூடும். அந்த நிலையில் கொடுக்கப்படும் ஹார்மோன் மருத்துவத்தைப் பற்றி இன்று பேசுவோம்.

புராஸ்டேட், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறு எலுமிச்சங்காய் அளவில் ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. அது வளர்வதற்கு டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஹார்மோன் வேண்டும். அதன் பெரும்பகுதி விதைகளில் சுரக்கிறது. புற்றுநோய் அணுக்களும் அதையே உணவாகக் கொண்டு பெருகுகின்றன. 1941-ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ஹக்கின்ஸ் என்ற மருத்துவர், விதைகளை அகற்றினால் பரவிவிட்ட நோயும் அடங்குவதைக் கண்டறிந்து வெளியிட்டார். 1966-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அந்த அறுவை மருத்துவம் இன்றும் உண்டு. ஒரே தடவையில் முடிந்துவிடும். அதை விரும்பாதவர்களுக்கு ஊசி இருக்கிறது. விதைகளைச் சுரக்கச் சொல்லி மூளையின் அடியிலிருந்து வரும் கட்டளையை இந்த ஊசி நிறுத்திவிடுகிறது. சிலருக்கு மாதம் ஒரு முறை, சிலருக்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறை போடுவார்கள். இவற்றுள் சில வகை ஊசிகள் முதல் சில வாரங்களில் ஹார்மோனைச் சற்றுக் கூட்டிவிட்டுத்தான் குறைக்கும். அந்த நாட்களுக்கென்று டாக்டர் கொடுக்கும் மாத்திரையை விட்டுவிடக்கூடாது.

ஊசி வேலை செய்யத் தொடங்கியதும் பலருக்கு எலும்பு வலி குறைகிறது, பசி எடுக்கிறது, முகம் தெளிகிறது. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. நாமறிந்த பெரியவர் ஒருவர், "வலிதான் போய்விட்டதே, இன்னும் எதற்குப் பட்டணத்துக்கு பஸ் காசு?" என்று இரண்டு ஊசிகளை விட்டுவிட்டார். நான்காம் மாதம் அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. லாலான் புல்லை வெட்டினால் தரை சுத்தமாகத் தெரியும். மண்ணுக்கடியில் கிழங்கு கிடக்கும். இந்த மருந்து நோயை அடக்கி வைக்கிறது, வேரோடு எடுப்பதில்லை. ஆனால் அடங்கியிருக்கும் காலம் பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அது சிறிய லாபமா?

பக்க விளைவுகளை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. திடீரென்று உடம்பு கொதித்து வியர்க்கும். களைப்பு வரும். சிலருக்கு மார்பு பருக்கும். நாளடைவில் எலும்பு மெலியும், இரத்தத்தில் சர்க்கரையும் கூடலாம். ஆகவே டாக்டர் அனுமதிக்கும் அளவுக்குத் தினமும் நடப்பது நல்லது. தாம்பத்திய ஆசையும் பெரும்பாலும் அற்றுப்போகும். இதை ஆண்கள் வீட்டில் சொல்வதில்லை. காரணம் தெரியாத மனைவி, "இவர் மனம் வேறெங்கோ போய்விட்டது" என்று உள்ளுக்குள் புழுங்குகிறாள். மருந்தின் வேலை இது என்று முதல் ஊசிக்கு முன்பே இருவரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும். டாக்டர் சொல்லாவிட்டால் நாமே கேட்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

சில காலம் கழித்து, குறைந்த ஹார்மோனிலேயே வளர நோய் பழகிக்கொள்ளும். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையில் எண் ஏறுவது பெரும்பாலும் முதல் அறிகுறி. அதற்கும் இப்போது மாத்திரைகள் உண்டு. 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அபிராட்டெரோன், 2012-இல் வந்த என்ஸலூட்டமைட் ஆகியவை அவற்றுள் சில. இன்று பலருக்கு இவற்றைத் தொடக்கத்திலேயே ஊசியோடு சேர்த்தும் கொடுக்கிறார்கள். அபிராட்டெரோனை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். காலையில் என்றால் பசியாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது விழுங்கிவிட வேண்டும். அதோடு தரும் பிரெட்னிசோலோன் மாத்திரையைத் திடீரென நிறுத்தக்கூடாது.

இந்நோய் உள்ளவருக்குக் கால்கள் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, மலஜலம் அடக்க முடியாமல் போனாலோ, முதுகுத்தண்டு நரம்பு நசுங்குகிறது என்று பொருள் கொள்ளலாம். விடியட்டும் என்று காத்திராமல், அந்த இரவே வண்டி பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.