சிற்பமும் அன்மொழித்தொகையும்

கழித்த பொருள்களால் சிற்பம் செய்வதைப் பற்றி மொழியியல் கற்றவர் பேசுவானேன் என்று மாணவர் சிலர் எண்ணக்கூடும். நாம் கலைத்திறனாய்வாளர் அல்லோம். நம் கண் சொல்லின்மீதே செல்கிறது.

சிங்கப்பூரில் வீடு வீடாகப் பழம்பொருள் வாங்க வருபவரைக் 'காருங் குனி' என்கிறோம். மலாயில் 'காருங்' என்றால் சாக்கு. 'குனி' நம் 'கோணி'யின் உறவுச்சொல், அதுவும் சாக்கே. ('நடுசென்டர்' என்போர் இதைக் கண்டு நகைக்க இயலாது.) லிட்டில் இந்தியாவை ஒட்டிய சுங்கை ரோட்டில் 1930களிலிருந்து பழம்பொருள் சந்தை ஒன்று நடந்தது. 2017 ஜூலை 10ஆம் நாள் அது மூடப்பட்டது. ஒருவர் கழித்ததை மற்றொருவர் தேடிவந்து எடுத்த இடம் அது.

சிற்பியும் அவ்வாறு தேடுபவரே. 1942இல் பிக்காசோ ஒரு மிதிவண்டியின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத்தலை ஆக்கினார். இரண்டும் தம் வடிவை இழக்கவில்லை. ஆயினும் காளை இரண்டிலும் இல்லை. இதற்குத் தமிழிலக்கணம் என்றோ பெயரிட்டுவிட்டது: அன்மொழித்தொகை. 'பொற்றொடி வந்தாள்' என்னும்போது பொன்னும் வருவதில்லை, தொடியும் வருவதில்லை. அவற்றை அணிந்த பெண் வருகிறாள். சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணிபுரிந்த நேக் சந்த், 1957 முதல் பல்லாண்டுகள் மறைவாக உழைத்து உருவாக்கிய பாறைத் தோட்டத்தில், உடைந்த வளையல் துண்டுகளே மனித உருவங்களுக்கு ஆடையாயின. 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நாம் அறிந்தவற்றுள் 'பொற்றொடி'க்கு அதனினும் நல்ல விளக்கவுரை இல்லை.

நமக்கு ஒரு மனக்குறை உண்டு. இத்தகைய படைப்புகளின் அடியில் பெரும்பாலும் 'கலப்பு ஊடகம்' என்ற இரு சொற்களே காணப்படுகின்றன. வீவக வீடு மாறும்போது பாட்டியின் அஞ்சறைப்பெட்டி வெளியேறுகிறது. சிற்பியின் கையில் சேர்ந்தால் பொருள் பிழைக்கிறது, பெயர் பிழைப்பதில்லை. இன்றைய பெட்டிகளில் ஏழு கிண்ணங்கள் இருப்பினும், பழைய ஐந்தறையின் நினைவைத் தாங்கி நிற்பது பெயர் மட்டுமே. தூக்குவாளி, தூக்குச்சட்டி, தூக்குப்போணி என ஒரே கலத்துக்கு வழங்கும் பெயர்கள், அக்குடும்பம் எவ்வூரிலிருந்து கப்பலேறியது என்பதற்கே குறிப்புத் தரக்கூடும். அதைக் 'கலப்பு' என்ற ஒற்றைச் சொல்லில் கரைப்பது கலைக்கும் இழப்பு, மொழிக்கும் இழப்பு.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் பழைய கலம் ஒன்றை வகுப்புக்குக் கொணர்ந்தால், வெட்டி ஒட்டுமுன் அதை அவ்வீட்டார் என்ன சொல்லி அழைத்தனர், எவர் கையில் அது புழங்கிற்று என்று வீட்டில் கேட்டு எழுதிவரச் செய்யுங்கள். அத்தாளையும் சிற்பத்தின் அடியில் ஒட்டுங்கள். 'கலப்பு ஊடகம்' என்பதை அதன் கீழே சிறிய எழுத்தில் வைத்துக்கொள்ளலாம்.